ஆறாவது பெயர்

மூச்சுப் பரிசோதனை அறைக்கு வெளியே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், அந்த டாக்டருக்கு ஊதம்மா என்று பெயர் வந்த கதை யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். "இழுங்க, நல்லா இழுங்க. இப்ப ஊதுங்க. ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விட்றாதீங்க, உள்ள இன்னும் இருக்கு, ஊதுங்க." உள்ளே ஒருவர் மெஷினின் குழாயை வாயில் கவ்விக்கொண்டு விழி பிதுங்க ஊதிக்கொண்டிருப்பார். அவரைவிட இந்த அம்மாவுக்குத்தான் அதிகமாக மூச்சு வாங்கும். மூன்று முறை சரியாக ஊதினால்தான் கணக்கில் சேரும். நுரையீரலில் பாதி கெட்டுப்போனவருக்கு ஒரு தடவை ஊதுவதே மூட்டை தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிற வேலை. கெஞ்ச வேண்டும், மிரட்ட வேண்டும், சிலரைச் செல்லம் கொஞ்ச வேண்டும். ஊதம்மா எல்லாவற்றையும் செய்வார்.

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு உண்டு. பேசியவர்களுக்குப் பாதிதான் தெரியும். வந்த கோபத்தில் முக்கால்வாசியை அந்த அம்மா விழுங்கித்தான் அத்தனை வருடம் வேலை பார்த்தார். அந்த மார்பு நோய்ப் பிரிவில் பெரிய டாக்டர் என்று ஒருவர் இருந்தார், துறைத் தலைவர். ஊதம்மா எழுதுவார், பெரிய டாக்டர் கையெழுத்துப் போடுவார். ஊதம்மா நோயாளியின் பக்கத்தில் நிற்பார், பெரிய டாக்டர் போட்டோவில் நிற்பார். அதையெல்லாம் சகித்துக்கொண்டவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஆசை வைத்தார். தன் கையால் செய்த ஓர் ஆராய்ச்சியில் தன் பெயர் முதல் பெயராக வர வேண்டும். நகை கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. பெயர், அதுவும் தன் சொந்தப் பெயர்.

ஆராய்ச்சி எளிமையானதுதான். மூச்சுக்குழாய் சுருங்கிப்போன நோயாளிகளுக்கு இன்ஹேலரில் மருந்து அடிக்கச் சொல்வார்கள். பாதிப் பேர் அதைத் தொண்டையில் அடித்துக்கொண்டு நெஞ்சுக்குப் போனதாக நினைத்துக்கொள்வார்கள். ஸ்பேசர் என்று ஒரு பிளாஸ்டிக் குடுவை இருக்கிறது. அதற்குள் மருந்தை அடித்து, அதிலிருந்து நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். கிழக்கு வார்டில் வெறும் இன்ஹேலர், மேற்கு வார்டில் ஸ்பேசர். வீட்டுக்குப் போகிற நாள் காலையில், அன்றைய மருந்து அடிப்பதற்கு முன்னால், ஒவ்வொருவரும் வந்து ஊத வேண்டும். எந்த வார்டு நன்றாக ஊதுகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானுக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. ஊத வந்தவர்களில் ஒருவர் பெயிண்டர். வீடு வீடாகச் சுவர் சுரண்டி, பழைய வர்ணத் தூளையும் பீடிப் புகையையும் சேர்த்து இழுத்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். மேற்கு வார்டு. முதல் தடவை ஊதிவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் ஊதி இனிமே என்னம்மா ஆகப்போகுது?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, பொய் சொல்ல மாட்டேன். உங்களுக்கு அப்புறம் வர்றவங்களுக்கு மருந்தை எப்படிக் குடுக்கணும்னு தெரியும்."

"அப்ப சரி, ஊதறேன்."

இரண்டாவது தடவை இருமல் வந்து கெட்டுப்போனது. மறுபடி ஊதினார். உதடு நீலம் பாரித்துவிட்டது. வாசலில் நின்ற அவர் மனைவி, ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்பவர், "போதும் விட்ருங்கம்மா" என்றார். பெயிண்டர் கையைக் காட்டி அந்த அம்மாவை அடக்கினார். "சும்மா இரு. டாக்டரம்மா புஸ்தகத்துல போடப்போறாங்க." கடைசி முறையும் ஊதி முடித்துவிட்டு, "ஏறிடுச்சா?" என்று கேட்டார். ஏறிவிட்டது என்று ஊதம்மா சொன்னதும்தான் நாற்காலியில் சாய்ந்தார். புத்தகம் வந்ததும் ஒரு பிரதி வேண்டும் என்று அந்த மனைவி கேட்டார். ஊதம்மா தருவதாக வாக்குக் கொடுத்தார். அடுத்த மழைக்காலத்தைப் பெயிண்டர் தாண்டவில்லை.

கட்டுரை ஒரு நல்ல இதழில் வந்தது. மேற்கு வார்டு நோயாளிகள் நன்றாகவே ஊதியிருந்தார்கள், ஸ்பேசர் ஜெயித்துவிட்டது. ஊதம்மா இதழைப் பிரித்துப் பெயர் வரிசையைப் படித்தார். முதலில் பெரிய டாக்டர். இரண்டாவது அவருடைய மருமகன், தோல் நோய் டாக்டர். மூன்றாவது ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர். நான்காவது இதய நோய்ப் பிரிவின் தலைவர். அவர் கட்டுரையில் போன வருடம் பெரிய டாக்டரின் பெயர் போட்டதற்குப் பதில் மரியாதை. ஐந்தாவது, ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்த சின்ன டாக்டர். ஆறாவது, எல்லோருக்கும் கீழே, ஊதம்மா.

வீட்டில் அவர் கணவர் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். வேலையில் பெரும்பகுதி கல்யாணப் பத்திரிகைதான். யார் பெயரை யார் பெயருக்கு மேலே போட்டால் எந்தக் குடும்பத்தில் என்ன சண்டை வரும் என்பதை அவரைப்போல் அறிந்தவர் கிடையாது. இதழை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது ஆராய்ச்சியா, கல்யாணப் பத்திரிகையா? மாப்பிள்ளை இருக்காரு, மாமனார் இருக்காரு, வரவேற்புக் குழு இருக்கு."

"சிரிக்காதீங்க. கல்யாணப் பொண்ணு நான். என் பேரைக் கொண்டுபோய்ச் சமையல்காரருக்குப் பக்கத்துல போட்டிருக்காங்க."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "போய்க் கேளு" என்றார். மறுநாள் ஊதம்மா போய்க் கேட்டார். பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேர்ல என்னம்மா இருக்கு? எல்லாம் நம்ம டிபார்ட்மென்ட் குடும்பம்தானே."

"அப்ப என் பேரை மேல போட்டிருக்கலாமே சார்."

"உனக்கு வயசு இருக்கும்மா. அடுத்தது பார்த்துக்கலாம்."

ஊதம்மாவுக்குத் தலையில் நரை விழுந்து வருடக்கணக்காகிறது. என்ன வயது இருக்கிறது என்று கேட்கவில்லை. அன்றுதான் இரண்டாவது ஆராய்ச்சி ஆரம்பித்தது. நோயாளிகளை எத்தனை நாள் ஊதச் சொல்வது, இனி டாக்டர்களை ஊதச் சொல்வோம் என்று முடிவு கட்டினார்.

ஆஸ்பத்திரி நூலகர் ஒருவர் துணைக்குக் கிடைத்தார். தும்மிக்கொண்டே புத்தகம் எடுத்துக் கொடுக்கும் மனிதர், அரட்டைப் பிரியர். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து நுரையீரல் நோய் பற்றி வெளிவந்த கட்டுரைகளை எல்லாம் இருவரும் திரட்டினார்கள். பெயர் போட்ட ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து ஒரே கேள்வி: இந்தக் கட்டுரைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? எழுத்துரிமை, அதாவது கட்டுரையில் பெயர் போடும் உரிமை, பற்றிய ஆராய்ச்சி என்று தலைப்பு வைத்தார்கள். பெரிய மனிதர்களுக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? "நான் அப்ப பக்கத்து ரூம்ல இருந்தேன்" என்று ஒருவர் தன் பங்களிப்பைச் சொன்னார். கட்டுரைக்குத் தலைப்பு யோசித்ததாக மூன்று பேர் தனித்தனியாக உரிமை கொண்டாடினார்கள். நூலகருக்குச் சிரித்து இருமிக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

ஸ்பேசர் கட்டுரைக்கு வந்தபோது ஊதம்மா சிரிக்கவில்லை.

கண்காணிப்பாளர், "என் வழிகாட்டுதல் இல்லாம இந்த ஆஸ்பத்திரியில ஒரு ஊசி அசையாது, தெரியும்ல?" என்றார். இதய நோய்ப் பிரிவுத் தலைவர், அடிப்படைச் சிந்தனையே தன்னுடையது என்றார். தோல் டாக்டர், புள்ளிவிவரம் மொத்தமும் தான் சரிபார்த்ததாகச் சொன்னார். சின்ன டாக்டர் மட்டும் நெளிந்தார். "மேடம், நான் கமா போட்டேன், முற்றுப்புள்ளி போட்டேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது." பெரிய டாக்டர் நாற்காலியை நிமிர்த்திப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "தினமும் காலைல மேற்கு வார்டுல நானே நேர்ல நின்னு மேற்பார்வை பண்ணினேன். அப்படியே எழுதிக்கோ." மூச்சுப் பரிசோதனை அறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும் மனிதர். ஊதம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே எழுதிக்கொண்டார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்பேசருக்கு மவுசு ஏறிவிட்டது. கட்டுரையைப் படித்துவிட்டு வேறு ஊர் ஆஸ்பத்திரிகளிலும் அதை வாங்கும்படி நோயாளிகளுக்குச் சொன்னார்கள். இல்லாதவர்களும் கடன் வாங்கி அந்தக் குடுவையை வாங்கினார்கள். பெரிய டாக்டருக்கு மாலை விழுந்தது.

ஒரு நாள் மழையில் பரிசோதனை அறைக் கூரை ஒழுகியது. மெஷின் நனையக் கூடாதென்று அதை மேற்கு வார்டின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ஊதம்மா வார்டுக்குள் அதிகாலையில் நின்று பார்த்தது அதுவே முதல் தடவை. வழக்கமாக நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு அவர் அறைக்குக் கொண்டுவருவார்கள். மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். ஹெட் சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாகப் போய் ஸ்பேசரில் மருந்து அடித்துக்கொண்டு வந்தார்.

"என்ன சிஸ்டர் பண்றீங்க? இவங்க இன்னும் ஊதவே இல்லையே."

"பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர்ற நேரம் மேடம். அவர் முன்னாடி யாரும் இருமக் கூடாது, அவருக்குப் பிடிக்காது. அதான் முன்னாடியே அடிச்சு விட்டுடறோம்."

"எப்பத்திலேருந்து?"

"அவர் தன் கிளினிக்குக்குப் போகணும்னு ரவுண்ட்ஸை முன்னாடி தள்ளினாரே, அப்பத்திலேருந்து. ரொம்ப நாளாச்சே, உங்க ஆராய்ச்சி நடந்துக்கிட்டிருந்தப்பவே. ஏன் மேடம், உங்களுக்குச் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. பெரிய டாக்டரின் கார் நிற்கிற இடம் மேற்கு வார்டுப் பக்கம். அதனால் ரவுண்ட்ஸ் அங்கேதான் தொடங்கும்; கிழக்கு வார்டுக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் அங்கே ஊதி முடித்திருப்பார்கள். மேற்கு வார்டு மட்டும் மருந்தடித்துக்கொண்டு வந்து ஊதியிருக்கிறது. கிழக்கு வார்டு பாவம், விதிப்படி மருந்தில்லாமல் ஊதியிருக்கிறது. மருந்தடித்த நெஞ்சு மருந்தடிக்காத நெஞ்சை ஜெயித்ததற்கு ஒரு கட்டுரை, ஒரு மாலை, ஊர் ஊராய்க் குடுவை.

ஊதம்மா அங்கேயே ஒரு காலிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முதலில் தன்மேல்தான் கோபம் வந்தது. ஆரம்பத்தில் சில மாதம், "மருந்து அடிச்சீங்களா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டவர்தான். எல்லோரும் இல்லை என்றார்கள். அப்புறம் வார்டுச் சுவரில் விதியை எழுதி ஒட்டியாயிற்றே என்று கேட்பதை விட்டுவிட்டார். கேட்டிருக்க வேண்டும். கடைசி ஆள் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். உதடு நீலமாகிற அளவுக்கு ஒரு மனிதனை ஊதச் சொல்லிவிட்டு, ஒரு வார்த்தை கேட்கச் சோம்பல் பட்டிருக்கிறார்.

பெரிய டாக்டரின் அறையில் ஆறு பேரும் கூடினார்கள். ஊதம்மா நடந்ததைச் சொல்லி முடித்தார்.

"இது யார் யாருக்குத் தெரியும்?" என்றார் பெரிய டாக்டர்.

"எனக்குத் தெரியும் சார்."

"வேற?"

"அது போதாதா சார்?"

"இத பாரும்மா. யாரும் செத்துப்போயிடலை. இதைக் கிளறாம விட்டா யாருக்கும் நஷ்டமில்லை."

ஊதம்மாவின் கண்முன் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெயிண்டர் வந்தார். "கட்டுரையைத் திரும்பப் பெறணும்னு இதழுக்கு எழுதப்போறேன். எல்லாரும் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஊசி அசையாது என்ற கண்காணிப்பாளர், அனுமதிக் கடிதம் கொடுத்ததோடு தன் வேலை தீர்ந்தது என்று கையை விரித்தார். அடிப்படைச் சிந்தனைக்காரருக்கு அந்தக் கட்டுரை பிரசுரமானதே தெரியாதாம். புள்ளிவிவரப் புலி, "மாமா சொன்னாரு, போட்டாங்க. நான் ஸ்கின் டாக்டர், எனக்கு நுரையீரலைப் பத்தி என்ன தெரியும்?" என்று மாமனாரையே கைகாட்டியது. சின்ன டாக்டர் அழுகிற முகத்தோடு, கமாவும் முற்றுப்புள்ளியும் என்று பழைய பாட்டையே பாடினார். அந்த ஆள் ஒருவர்தான் இரண்டு தடவையும் ஒரே வார்த்தை சொன்னவர். கடைசியில் பெரிய டாக்டர் வாயைத் திறந்தார்.

"ஒரு துறைத் தலைவன் வார்டுல நின்னு, யாரு எப்ப ஊதறாங்கன்னு பார்த்துக்கிட்டிருக்க முடியுமா? ஊதச் சொன்னது நீதானே."

"தினமும் காலைல நேர்ல நின்னு மேற்பார்வை பண்ணினதா சொன்னீங்களே சார். எழுதிக்கோன்னீங்க, எழுதியிருக்கேன்."

"அது வேற, இது வேற."

"ரெண்டும் ஒரே வார்டு சார். அந்த மருந்தை முன்னாடி அடிச்சதே நீங்க வர்றீங்கன்னுதான்."

"குரலை இறக்கிப் பேசு."

"இத்தனை வருஷம் இறக்கித்தான் பேசினேன். இனிமே முடியாது." ஊதம்மாவின் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. "மாலை போட்டப்ப எல்லாரும் கழுத்தை நீட்டினீங்க. இப்ப ஒருத்தருக்கும் கழுத்தே இல்லையா? அந்த ஜனங்க உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஊதினாங்க சார். உங்க காதுல இருமல் விழக் கூடாதுன்னு அத்தனையையும் குப்பையில போட்டிருக்கோம்."

யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஊதம்மா தனியாகவே எழுதினார். இதழ்க்காரர்கள் விசாரித்தார்கள், மற்ற ஐந்து பேரும் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. நோயாளிகளுக்கு முன்கூட்டியே மருந்து தரப்பட்டிருந்ததால் இந்த முடிவுகளை நம்ப வேண்டாம் என்று நாலு வரி. கீழே பொறுப்பேற்பவர் என்று ஒரே ஒரு பெயர். கணவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

"உன் பேரு மட்டும்தான் இருக்கு."

"ஆமா. ஆசைப்பட்டேன்ல, முதல் பேரா வரணும்னு. வந்துடுச்சு."

கணவர் அந்தத் தாளை மடிக்காமல் மேஜைமேல் வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஊதம்மா அன்று அழுதார். ஆத்திரத்தில் வந்த அழுகை, சீக்கிரம் நிற்கவில்லை.

ஆராய்ச்சியை மறுபடி முதலிலிருந்து சரியாகச் செய்கிறேன் என்று கேட்டுப் பார்த்தார். பெரிய டாக்டர் அவரை மெஷின் பக்கமே போகக் கூடாது என்று புறநோயாளிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். காரணம் கேட்டதற்கு, நிர்வாக வசதி என்றார். ரவுண்ட்ஸ் அதே நேரத்தில்தான் நடக்கிறது. எழுத்துரிமை ஆராய்ச்சியை ஊதம்மாவும் நூலகரும் முடித்து, இரண்டே பெயர் போட்டு இதழ்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊதம்மா விடுவதாக இல்லை.

புறநோயாளிப் பிரிவில் ஒரு முற்பகல், கூட்டத்தில் வரிசை நகர்ந்து நகர்ந்து பெயிண்டரின் மனைவி வந்து எதிரில் உட்கார்ந்தார். அடுப்புப் புகையில் அவருக்கும் இருமல் பிடித்திருந்தது. ஊதம்மா நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து மருந்து எழுதினார். அந்த அம்மா சீட்டை வாங்கிக்கொண்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

"அந்தப் புஸ்தகம் வந்துடுச்சாம்மா? தரேன்னீங்களே."

ஊதம்மா பேனாவை மூடி வைத்தார். "வந்துச்சும்மா. ஆனா அது தப்பாப் போச்சு. ஊதறதுக்கு முன்னாடியே மருந்து குடுத்துட்டாங்க. அதனால அந்தக் கணக்கு செல்லாதுன்னு சொல்லித் திரும்ப வாங்கிட்டோம்."

"யார் பண்ண தப்பு?"

"குடுக்கச் சொன்னது வேற ஆளு. கேட்காம விட்டது நான்."

அந்த அம்மா சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பின்னால் வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள்.

"பரவாயில்ல, குடுங்க. கணக்குதானே தப்பு. அவரு ஊதினது பொய்யில்லையே."

ஊதம்மா இழுப்பறையிலிருந்து கட்டுரையின் பிரதியை எடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே சிவப்பு எழுத்தில், திரும்பப் பெறப்பட்டது என்று அச்சாகியிருந்தது. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல அவரு எங்க?" என்று கேட்டார். ஊதம்மா ஒரு படத்தைக் காட்டினார். நிறையப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு நோயாளி. எல்லாவற்றுக்கும் கீழே, ஓரத்தில் தனியாகக் கிடந்த ஒன்றின் மேல் விரலை வைத்தார். அவ்வளவு குறைவாக ஊதியவர் வேறு யாரும் இல்லை. அந்த அம்மா தன் விரலையும் அங்கே வைத்து, தேய்த்துப் பார்த்தார்.

அப்புறம் முதல் பக்கத்துக்கு வந்தார். தலைப்புக்குக் கீழே வரிசையாக நின்ற எழுத்துகளைக் காட்டினார்.

"மேல இருக்கறதெல்லாம் யாரும்மா?"

"அங்க யாரும் இல்லம்மா" என்றார் ஊதம்மா. "ஆறாவதா இருக்குல்ல, அது மட்டும் நான்."